ஹஜ்ரத்தின் முன்பல்லுக்கு எந்த டைட்டானியம்

2006

பிப்ரவரி 8, புதன். பெரம்பலூர்

பனி விடவில்லை. டிரில்லுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் ஓடமாட்டேன் என்று அடம். மெக்கானிக் வந்து ரெண்டு தட்டு தட்டினார், ஓடியது. அதே தட்டு நான் தட்டினால் ஓடாது.

பல் எடுத்தது நாலு. வேர் சிகிச்சை ஒன்று, பாதியில். ஒரு அம்மா பிடுங்கிய பல்லைப் பேப்பரில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். எதற்கு என்று கேட்கவில்லை.

மதியம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெரியவர். பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர். ஊரே ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடுகிறதாம், நானும் அப்படியே. போன நோன்புப் பெருநாள் முடிந்த சூட்டில், மொபெட்டில் போகும்போது நாய் குறுக்கே வந்து, மேல் முன்பல் ரெண்டும் போய்விட்டது. எங்கேயோ கழற்றி மாட்டும் செட் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணத்தையே மூடுகிற தட்டு. ஓதும்போது நழுவி நாக்கின்மேல் விழுகிறது.

கூட மகள் சபியா. கல்யாணமாகி ஒரு வருஷம்தான், மாப்பிள்ளை ஷார்ஜாவில். பேச்செல்லாம் அந்தப் பெண்தான்.

“ரமலான் மாசம் பூரா ராத்திரி தொழுகைக்கு அத்தாதான் முன்னாடி நிக்கணும் மேடம். குர்ஆன் முழுசும் பாக்காம ஓதணும். செட்டு போட்டுட்டு முடியல. ஜமாத்துல இப்பவே வேற ஆளப் பாக்கலாமான்னு பேச்சு வந்துடுச்சு.”

ஹஜ்ரத் தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரி ஓதிக் காட்டினார். நாக்கு நுனி முன்பல் விளிம்பில் படவேண்டிய இடத்தில் வெறும் காற்று. பாதியில் நிறுத்திவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பக்கத்துப் பல் ரெண்டும் அன்றைக்கு விழுந்ததில் ஆடுகிறது. அவற்றைப் பிடித்து நிலையான பல் கட்ட முடியாது. இம்ப்ளாண்ட்தான். எலும்பில் டைட்டானியம் திருகாணி, அதை எலும்பு பிடித்துக்கொண்ட பிறகு மேலே பல். சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள். எலும்பு ஒடுங்கியிருக்கிறது. அகலம் அளக்கிற காலிப்பரை வைத்துப் பார்த்தேன். மெல்லிய திருகாணிக்கு இடம் இருக்கிறது, அதற்கு மட்டும்.

ரமலான் செப்டம்பர் கடைசியில். எலும்பு ஒட்ட நாலைந்து மாதம். ஏப்ரலுக்குள் போட்டாக வேண்டும். நிறைய நாள் இருக்கிறது என்று சொன்னேன்.

பிப்ரவரி 10, வெள்ளி. அரியலூர்

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, ஜன்னலெல்லாம் வெள்ளைப் புழுதி. தலைமுடியில் பாதி நரை, மீதி புழுதி.

மாடியில் என் க்ளினிக், கீழே நடேசனின் சிமெண்டு ஏஜென்சி. மூட்டை இறக்கும்போதெல்லாம் என் டிரில் ஒரு நொடி நடுங்கும். செவ்வாய், வெள்ளி இங்கே.

திருமானூர் விவசாயி ஒருவர். வெளியூரில் எங்கேயோ போட்ட இம்ப்ளாண்ட், முன்பல். பொங்கலுக்குக் கரும்பைக் கடித்து இழுத்தாராம். பல் கழுத்தோடு ஒடிந்து, அடிப்பாதி எலும்புக்குள். அவர் வைத்திருந்த அட்டையில் கிரேடு 2 என்று இருந்தது. மெல்லியது வேறு.

“கெட்டியானதெல்லாம் கடிக்காதீங்கன்னாங்க. கரும்பு சாறுதானங்க?”

குடைந்து எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். எலும்பும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. பாவம், அந்த மனுஷன் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஹஜ்ரத்துக்கும் இதே இடம், இதே மெல்லிசு. ஒடிந்த துண்டைக் கழுவிப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

துணி துவைத்தது. மாவு அரைத்தது. பிறகு சென்னையில் படித்த கோர்ஸ் நோட்ஸைத் தேடி எடுத்தேன்.

கி.1: சுத்த டைட்டானியம். மிருது.
கி.2: சுத்தம். கொஞ்சம் தேவலை. (திருமானூர்.)
கி.3: யாரும் விற்பதாகவே தெரியவில்லை.
கி.4: இதுவும் சுத்தம்தான். உள்ளே ஆக்சிஜன் சற்றுக் கூடுதல், வலு அதனால்தான்.
கி.5: நாலுக்கு அடுத்தது இல்லை, வேறு சரக்கு. அலுமினியம், வனேடியம் கலந்தது. இருப்பதில் வலு இதற்குத்தான்.

மெல்லியது என்றால் கி.5 போடு என்கிறது ஒரு கட்டுரை. வனேடியம் வருஷக்கணக்கில் கசிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது என்கிறது இன்னொன்று. கி.4ஐ எலும்பு நன்றாகப் பிடிக்கும் என்கிறது மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு ஹஜ்ரத்தைத் தெரியாது.

பிப்ரவரி 20, திங்கள். பெரம்பலூர்

வெயில் ஆரம்பித்துவிட்டது. பல் எடுத்தது ஆறு.

இன்னும் முடிவு செய்யவில்லை. சென்னை டீலருக்கு போன் செய்தால், “எது வேணும்னாலும் அனுப்பறேன் டாக்டர், ரெண்டுமே நல்லா மூவ் ஆகுது” என்கிறார். சோப்பு விற்கிற மாதிரி.

ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். இன்ஜினியரிங் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், ரெண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய ஏதாவது வழி வைத்திருப்பார் என்று ஒரு நப்பாசை.

“நாலு போட்டா என்ன ஆகும்?”

“ஒடியலாம்.”

“அஞ்சு?”

“ஒடியாது. ஆனா வேற ஏதாவது ஆகலாம்.”

“ஆகலாம் ஆகலாம்னா எதத்தான் போடுவ? போட்டு அனுப்பு. நீ போடாட்டி அவருக்கு ஒண்ணுமே இல்லேல்ல?”

சரியாகத்தான் சொன்னார். சரியாகச் சொன்னதற்காகவே கோபம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 1, புதன். பெரம்பலூர்

முடிவு. கி.4.

எப்படி முடிவு செய்தேன் என்றால், அலுத்துப்போய்த்தான். மூணு வாரம் போயிற்று.

ஹஜ்ரத்தை வரச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். நான் பெண் என்பதாலா, பயத்தாலா தெரியாது. கிரேடு 4 என்றதும் கண் திறந்தது.

“நாலாந்தரமாம்மா?”

நேற்று அரியலூரில் நடேசன் கேட்ட கேள்வி கைகொடுத்தது. (“நம்ம சிமெண்டு நாப்பத்தி மூணு, அம்பத்தி மூணு மாதிரிங்களா மேடம்? அப்ப நம்பர் கூடுனா கெட்டி.”) அதையே சொன்னேன். ஹஜ்ரத்துக்குப் பட்டென்று பிடிபட்டுவிட்டது.

“வூட்டுக்கு காங்கிரீட் போட்டப்ப அம்பத்தி மூணுதான் போட்டோம். சரிம்மா. நாலே போடுங்க.”

சபியாவுக்கு ஒப்பவில்லை. “சிமெண்டும் பல்லும் ஒண்ணா அத்தா? தங்கத்துல இருவத்திநாலுதான் சுத்தம். இது நாலுங்குறாங்க.” நம்பர் கூடினால் சுத்தம் என்று தங்கக் கணக்குப் போட்டாலும் நாலு சின்னது, தரம் என்று போட்டால் நாலு கடைசி. எந்தக் கணக்கிலும் எனக்குத் தோல்வி.

ஆனாலும் ஹஜ்ரத் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. அடுத்த புதன் என்று நாள் குறித்தோம். இன்று கொஞ்சம் தூக்கம் வரும்.

மார்ச் 6, திங்கள்

தூக்கமாவது ஒன்றாவது.

சபியா போன். “மேடம், புதன்கிழமை வேணாம். அவங்க ஷார்ஜாவுல விசாரிச்சுட்டாங்களாம். மாமாவுக்கு நாலாம் நம்பர் போட வேணாம், ஒண்ணாம் நம்பரே நான் வாங்கியாறேன்னுட்டாங்க. ஏப்ரல் மொத வாரம் லீவுல வராங்க.”

கிரேடு 1! இருப்பதிலேயே மெத்து. விளக்கினேன். தொண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

“எனக்குப் புரியுது மேடம். அவங்க கிட்ட நான் எப்படிச் சொல்றது? மாமா பல்லு என் பொறுப்புன்னு எங்க மாமியார் வூட்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க.”

சென்ட், போர்வை, டார்ச்லைட், பால் பவுடர் வருகிற அதே பெட்டியில் மாமனாருக்கு இம்ப்ளாண்டும் வருகிறது. இந்த ஊரில்தான் இது நடக்கும்.

டீலரிடம் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொன்னேன். “நோ ப்ராப்ளம் டாக்டர்.” அவருக்கு என்ன ப்ராப்ளம்.

மார்ச் 17, வெள்ளி. அரியலூர்

வெயில். நோயாளிகள் மூன்றே பேர். மதியம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கீழே நடேசனும் லாரிக்காரரும்:

“அரியலூருக்கு தனி ஜில்லா திரும்ப வந்துடுமாம்ல?”

“வந்து? கலெக்டரு நம்ம ஊட்டு மூட்டய எறக்கப் போறாரா?”

சிரித்தேன். ரொம்ப நாள் கழித்து. சிரித்து முடித்ததும் எதற்கோ அழுகை வந்தது. சுத்தம் செய்ய வருகிற லட்சுமி பார்த்துவிட்டு, புழுதி விழுந்துச்சாங்க என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 27, திங்கள். பெரம்பலூர்

ஹஜ்ரத் தனியாக வந்தார். பஸ்ஸில். மொபெட்டைத் தொடுவதில்லையாம்.

நேராகக் கேட்டேன். “உங்க வாய், ஹஜ்ரத். நீங்க சொல்லுங்க. நாலு போட்டுடட்டா? இன்னும் தள்ளிப்போட்டா நாளும் போகும், எலும்பும் கரையும். பல்லு இல்லாத எடத்துல எலும்பு சும்மா இருக்காது.”

துண்டை எடுத்து மடித்தார். பிறகு, “பொண்ணக் குடுத்த எடம்மா. அந்தப் புள்ள ஆசையா வாங்கிட்டு வருது. வர்றதுக்குள்ள நான் வேறத மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, அதுக்கு மொகம் என்னாவும்? அது ஒண்ணும் சொல்லாது. அதோட அம்மா நாளைக்கு எம்பொண்ண சொல்லுவாங்க.”

“ரமலான்?”

“அல்லாஹ் நாடுனா நடக்கும்.”

போக எழுந்தவர் கதவருகில் நின்றார். “டாக்டரம்மா, ஒண்ணு சொல்றேன். சம்பளத்துக்கோ பேருக்கோ இல்ல. மனசுல உள்ள குர்ஆன வருசத்துக்கு ஒருக்கா அந்த ராத்திரிகள்ல நின்னு முழுசா ஓதுறதாலதான் அது நிக்குது. எனக்கும் வயசாயிட்டு. ஒரு வருசம் வுட்டா ஒரு பக்கத்துல ஒரு வரி போவும். போன மாசம் தனியா ஓதிப் பாக்குறேன், ஒரு எடத்துல நின்னுடுச்சு. எங்க நின்னுச்சுன்னு யாருகிட்டயும் சொல்லல.”

என்னிடம் சொல்லிவிட்டார். என்னிடம் ஏன் சொன்னார்? நான் அதை எங்கே வைப்பது?

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூ கிடைக்கவில்லை, வேண்டியதும் இல்லை.

மாப்பிள்ளை வரவில்லை. கம்பெனியில் லீவு தள்ளிப் போட்டுவிட்டார்களாம். மே முதல் வாரம். சபியா போனில் மன்னிப்புக் கேட்டாள், ஏதோ அவள்தான் கம்பெனி நடத்துகிற மாதிரி.

ஷார்ஜா நம்பர் கொடு, நானே பேசுகிறேன் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறாள் என்று ஆகிவிட்டால்? அதோடு, நானே மூணு வாரம் குழம்பிய ஆள்.

மே முதல் வாரத்தில் போட்டால் செப்டம்பர் கடைசிக்குள் ஒட்டும். நெருக்கம். ஆனாலும் முடியும்.

ஏப்ரல் 26, புதன். பெரம்பலூர்

வாங்க வேண்டியது: கையுறை, பஞ்சு, எக்ஸ்ரே ஃபிலிம், இவருக்கு அல்சர் மாத்திரை, துவரம்பருப்பு.

எழுந்திருக்கவே மனமில்லை. எழுந்தேன். எலெக்‌ஷன் வேன் ஒன்று மாற்றி ஒன்று. ஸ்பீக்கர் சத்தத்தில் வலிக்கிறதா என்று நான் கேட்பதும் அவர்கள் சொல்வதும் ரெண்டுமே கேட்கவில்லை.

பதினைந்து வருஷமாக இந்த வேலை. யாரும் நேரத்துக்கு வருவதில்லை. வலி உச்சத்துக்குப் போய், கன்னம் வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டு, கிராம்பு வைத்து, மெடிக்கலில் கேட்டு மாத்திரை தின்று, எல்லாம் முடிந்த பிறகுதான் என் நாற்காலி. எனக்கு மிஞ்சுவது பிடுங்குவது. அதற்குத்தான் இம்ப்ளாண்ட் கற்றுக்கொண்டேன். பிடுங்கிய இடத்தில் ஒன்றையாவது நட்டுவைக்கலாம் என்று. இப்போது அதற்கும் தாமதமாகத்தான் வருகிறார்கள். இல்லை, வந்தவரை நான்தான் முதலில் நிறுத்தி வைத்தேன்.

எதற்கும் பிரயோஜனமில்லாத ஜென்மம். எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மே 10, புதன். பெரம்பலூர்

ஓட்டுப் போட்டாயிற்று, ஊர் அமைதி. அனல்.

மாப்பிள்ளை வந்தார். ஜாபர். முரட்டு ஆசாமியாக மனதில் வைத்திருந்தேன். ஒல்லியாக, முப்பதுகூட இருக்காது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். கையில் சின்னப் பெட்டி. திறந்தால் கண்ணாடிக் குழாயில் ரெண்டு திருகாணி. அதோடு, என் டிரில்லுக்குப் பொருந்தாதே என்று நான் தப்பித்துவிடக்கூடாது என்பது போல, அதற்கான டிரில் செட்டும்!

“வெள்ளிக்கிழமை லீவுல எல்லாம் அலஞ்சேன் டாக்டர். நாலஞ்சு எடம். கிரேடு ஒண்ணு யாருகிட்டயும் இல்ல. ஒருத்தர்கிட்ட பழசு இருந்துச்சு.”

ஏன் ஒன்று என்று கேட்டேன்.

“நான் ஏசி டக்ட் வேலை. தகடு எல்லாம் கேஜ் நம்பர். நம்பர் சின்னதானா தகடு கெட்டி. இருவத்தாறு கேஜ் கையாலயே வளையும், பதினெட்டு அசையாது. அதான் நாலுன்னதும் மாமா வாயில மெத்தானதப் போடப்போறாங்கன்னு பயந்துட்டேன்.”

இத்தனை நாள் நான் நினைத்தது: கௌரவம், பவுசு, ஃபாரின் மோகம். அதெல்லாம் ஒன்றுமில்லை. தகரக் கணக்கு.

எழுதிக் காட்டினேன். ஒன்று மிருது, நாலு கெட்டி. திருமானூர்க்காரர் வாயிலிருந்து எடுத்த ஒடிந்த துண்டையும் காட்டினேன். காபி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது.

“அப்ப நாலே போடுங்க டாக்டர். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். மொதல்லயே ஒரு போன் போட்டிருக்கலாமே நீங்க?”

காபி குடிங்க என்றேன்.

ஹஜ்ரத் பக்கத்தில் உட்கார்ந்து மருமகன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது அந்தப் பெட்டியைத் தானே கையில் வாங்கிக்கொண்டார். போடாவிட்டாலும் பத்திரமாக வைத்துக்கொள்வாராம், அந்தப் புள்ள வாங்கியாந்தது.

மே 15, திங்கள்

டீலர்: கி.4 ஸ்டாக் இல்லையாம். நோ ப்ராப்ளம் டாக்டர், ஒரு வாரம். கூடவே கி.5 ஒரு ஜோடி அனுப்பச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டும். இந்தப் புத்தி போகாது.

ஹஜ்ரத்துக்கு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. சபியாவிடம் கேட்டேன்.

“மாப்ள வந்திருக்காங்கல்ல மேடம். தெனம் ஒரு வூட்ல விருந்து. அத்தா இல்லாம எப்படி? அதோட மாம்பழ சீசன்.”

இந்த அளவில் எலும்பில் கை வைக்க முடியாது. புண் ஆறாது. பத்தியம், மாத்திரை கூட்டி, ரெண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று அவருடைய டாக்டர். ரெண்டு வாரம். அதையும் கொடு.

இவரிடம் சொல்லவில்லை. கேட்டார். தலைவலி என்றேன்.

மே 24, புதன். பெரம்பலூர்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மின்சாரம் போய்ப் போய் வருகிறது.

பார்சல் வந்துவிட்டது. கி.4 ரெண்டு, கி.5 ரெண்டு. மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இதற்குத்தானா?

ஹஜ்ரத்துக்குச் சர்க்கரை இறங்குகிறது. விருந்துக்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டார். ஜாபர் சனிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார், அதற்குமுன் ஜமாத்துக்காரர்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

“ஜூன் ஆரம்பத்துல ஆணி போட்டாச்சுன்னு டாக்டரம்மா சொன்னா காத்திருக்கோம்னாங்க. இல்லாட்டி குர்ஆன் முழுசும் மனப்பாடமான வெளியூர் ஹாபிழுக்குச் சொல்லிவுட்டுடுவாங்களாம். போட்டுடுவீங்கல்ல டாக்டர்?”

போட்டுவிடுவேன் என்றேன். மேல்தாடைக்கு நாலு மாதம் குறைச்சல்தான், ஆனால் ரமலானுக்குத் தற்காலிகப் பல்லாவது மாட்டிவிடலாம். அவர் கடிக்க வேண்டாம், ஓதினால் போதும்.

ஜூன் 2, வெள்ளி. அரியலூர்

காற்று. புழுதி. வாய் திறந்தவர்கள் எல்லோர் வாயிலும் மண்.

சபியா போன். சர்க்கரை சரியாகிவிட்டது, டாக்டர் சம்மதம். புதன்கிழமை.

“அத்தா தெனம் ஓதிப் பாக்குறாங்க மேடம். மாடியில நின்னுக்கிட்டு. செட்டு இல்லாம. கேட்டா, பல்லு வந்த அன்னைக்கு நாக்குக்கு வழி மறந்துடக்கூடாதுன்னு சொல்றாங்க.”

சரி என்று வைத்துவிட்டேன். இது ஒன்று மட்டும் நடந்துவிடட்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை, யாரிடமும்.

ஜூன் 6, செவ்வாய். அரியலூர், பிறகு வீடு

சாயங்காலம் சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன். கருவிகளை எல்லாம் ஸ்டெரிலைஸ் செய்தாயிற்று. வரிசை:

மயக்க ஊசி
கத்தி, தையல்
டிரில் சின்னதிலிருந்து பெரியது
சலைன்
கி.4 ரெண்டு
(கி.5 எதற்கும்)
ஜெனரேட்டருக்கு டீசல்

இவர் கேட்டார், “நாளைக்கா?” ஆமாம் என்றேன். “நாலா?” என்றார். ஞாபகம் வைத்திருக்கிறார். நாலு என்றேன். “குட்” என்றுவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை இன்றைக்குப் போதுமாக இருந்தது.

ஜூன் 7, புதன். பெரம்பலூர்

காலையில் தூறல். மண்வாசனை. கரண்ட் இருந்தது. கம்ப்ரசர் முதல் தடவையே ஓடியது.

ஹஜ்ரத் வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. சபியா வெளியில் பெஞ்சில். மருமகன் ரெண்டு தடவை போன் செய்துவிட்டாராம்.

ஊசி போட்டேன். மரத்துப்போகக் காத்திருக்கும்போது உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நல்லா திறங்க ஹஜ்ரத் என்றேன். திறந்தார்.

வெட்டுவதற்கு முன் ஒரு தரம் அளந்துவிடலாம் என்று காலிப்பரை வைத்தேன். ஈறு வழியாக முனை ரெண்டும் எலும்பில் தட்டின. அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். சரியாக வைக்கவில்லை போல என்று எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பக்கத்தில் வைத்தேன். மேலே தள்ளி வைத்தேன். அடுத்த பல் இடத்தில் வைத்தேன்.

மூணு மில்லிகூட இல்லை. எங்கேயும்.

பிப்ரவரியில் இருந்தது. அந்த நாளில் எதைப் போட்டிருந்தாலும் போயிருக்கும். நாலு, அஞ்சு, ஏன், அந்த ஒண்ணாம் நம்பர்கூட உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், ஒடிவது வளைவது எல்லாம் பிறகு. இப்போது தட்டில் நாலும் அஞ்சும் பிரிக்காமல் கிடக்கிறது. எலும்பு அதைவிட மெலிசு.

எக்ஸ்ரே எடுத்தேன். உயரம் தெரியும், அகலம் அதில் தெரியாது என்று தெரிந்தேதான் எடுத்தேன். ஃபிலிம் கழுவுகிற அந்த இருட்டில் கொஞ்சம் நின்றுகொண்டிருக்கலாம் என்பதற்காக.

திரும்பி வந்து சொன்னேன். எலும்பு கரைந்துவிட்டது என்று சொன்னேன். இதில் திருகாணி நிற்காது, எந்தக் கிரேடும் நிற்காது என்று சொன்னேன். சென்னையில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள், அது பிடிக்க வருஷமாகும், சர்க்கரை உடம்புக்குப் பிடிக்குமா என்பதும் சந்தேகம் என்று சொன்னேன். இந்த ரமலானுக்கு இல்லை என்று சொன்னேன். அடுத்ததற்கும் நான் சொல்ல முடியாது என்று சொன்னேன். என் குரல் டீலர் குரல் மாதிரியே இருந்தது.

அவர் கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காது ஓரமாகத் தண்ணீர் இறங்கி நாற்காலி ரெக்ஸினில் விழுந்தது. ஏதாவது சொல்லுங்க ஹஜ்ரத் என்றேன்.

சொல்லவில்லை. மடியில் இருந்த வலது கையை மெல்லத் தூக்கி, விரலால் தன் வாயைக் காட்டி, என்னைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தேன். வாய் இன்னும் நல்லா திறந்தபடியே இருந்தது. மூடிக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை.